ஈஸ்ட் என் கையால் விழுந்தது என்று சொன்ன நாள்

எழுதுவது என் வேலை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவன் நான். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவியும் சுமந்தும் காலம் போக்கியவன் நோயைப் பற்றி எழுத உட்காருவது படித்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசச் சொன்னால் நான் பின்வரிசைக்குப் போய்விடுவேன். என் பிரியாவிடையன்றுகூட நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இருந்துகொண்டேன்.

எழுத வைத்தது ஒரு இயந்திரம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் பிரிவுக்கு அது வந்தது. நோயாளியின் இரத்தம் எடுத்த போத்தலை அதன் குழியில் வைத்தால் போதும். உள்ளே ஏதாவது கிருமி வளர்ந்தால் விளக்கு எரியும், சத்தம் போடும். பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகள் ஒருநாள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, இது வர முன்னம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். கண்ணால் பார்த்தோம் என்றேன். நம்பவில்லை. ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஜெயந்தன் பக்கத்தில் நின்று சிரித்தார்.

"எழுதிக் குடுங்க ஹனீபா காக்கா. அந்த ஈஸ்ட் கதையையும் எழுதுங்க. என்னைப் பற்றியும் எழுதலாம், நான் கோவிக்கமாட்டன்."

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அவர் அனுமதி தந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் எனக்கு ஏறாவூர். இருபத்தேழு வயதில் சிற்றூழியராகச் சேர்ந்து, ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றேன். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். வாவிக் காற்று ஜன்னலால் நேரே உள்ளே வரும் இடம் என்று மட்டும் சொல்லலாம்.

எனக்கு வேலை பழக்கியவர் குருக்கள்மடத்துக்காரர், அப்போதைய பொறுப்பாளர். நான் சேர்ந்து இரண்டாவது மாதம், ஓட்டோகிளேவில் வைத்து எடுத்த கண்ணாடித் தட்டுகளில் ஒட்டியிருந்த பட்டி நிறம் மாறவில்லை. ஓட்டோகிளேவ் என்பது நீராவியால் கிருமி கொல்லும் பெரிய பானை. பட்டி நிறம் மாறாவிட்டால் சூடு போதவில்லை என்று அர்த்தம். நான் கண்டேன். பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அத்தனை தட்டிலும் பூஞ்சணம் பிடித்து, இரண்டு நாள் வேலை வீணாகியது. அவர் ஏசவில்லை. எல்லாத் தட்டையும் என்னைத் தனியாகக் கழுவ வைத்து, பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, "பிழை செஞ்சா செஞ்ச இடத்திலேயே சொல்லு. இங்க மறைச்சா வாட்டில ஆள் சாகும்" என்றார். அன்றிலிருந்து நான் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஒத்துக்கொள்பவனானேன். செய்யாத பிழையையும் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு அது எனக்குப் பழகிப்போனது. கதையே அதுதான்.

அந்த நாட்களில் இரத்தம் எடுக்கும் போத்தல்களை நாங்களே தயாரித்தோம். செவ்வாய்க்கிழமைதான் அதற்குரிய நாள். மாவைப் போன்ற ஒரு தூளை நிறுத்து, வடிநீரில் கரைத்து, கொதிக்கவிட்டு எடுத்தால் தேயிலைச் சாயம்போல் தெளிந்த திரவம் கிடைக்கும். அதை நாங்கள் சூப் என்போம். கிருமிக்கு அது விருந்து. அளந்து போத்தல்களில் ஊற்றி, மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்து, ஓட்டோகிளேவில் ஏற்றுவேன். ஆறியபின் ஒவ்வொரு மூடியாக இறுக்குவேன். அந்த நேரம் காற்றாடியை நிறுத்தி ஜன்னலையும் பூட்டிவிட வேண்டும். வியர்வை முதுகால் ஓடும். ஒவ்வொரு தொகுதியிலும் நாலு போத்தலை வெறுமனே இன்கியூபேட்டரில் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பேன். அவை தெளிவாக இருந்தால்தான் மற்றவை நோயாளர் வாட்டுகளுக்குப் போகும்.

வாட்டில் அதற்குள் இரத்தம் ஏற்றித் திரும்பி வந்தால், மனித உடம்பின் சூட்டில் இன்கியூபேட்டரில் இருக்கும். இரத்தம் அடியில் படியும்; மேலே சூப் தெளிந்து நிற்கும். தினமும் காலை எட்டு மணிக்கு நான் ஒவ்வொரு போத்தலையும் ஆட்டாமல் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். சூப் கலங்கியிருந்தால் ஏதோ வளர்கிறது. தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஜெயந்தனிடம் காட்டினால் அவர் ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்.

இனி மேடத்தைப் பற்றி. அவர் நுண்ணுயிரியல் விசேட வைத்தியர், யாழ்ப்பாணத்து அம்மா. மெல்லிய ஆள், மெல்லிய குரல். வாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது மட்டும் இருக்கமாட்டார். எழுந்து நின்றுதான் கதைப்பார். முதலில் எதிரில் கதைப்பவரின் பெயரைக் கேட்டு நேரத்தோடு எழுதுவார். பிறகு முடிவைச் சொல்வார். அதன்பின், "இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்பார். திருப்பிச் சொல்லும்வரை வைக்கமாட்டார். பெரிய சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தாலும் திருப்பிச் சொல்லத்தான் வேண்டும். பல வருடம் அவரோடு வேலை செய்தும், காலை வணக்கத்தைத் தவிர நானாக அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

பாக்கியவதி அக்கா வாழைச்சேனையில் கருவாடு விற்பவர். ஐம்பது வயது இருக்கும். குடல் ஓட்டையாகி, இரண்டு முறை வயிறு வெட்டி, சத்திரசிகிச்சை வாட்டில் பதினாலாம் கட்டிலில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். வாயால் சாப்பிட முடியாததால் கழுத்து நரம்பில் ஒரு குழாய் போட்டு அதனால் சத்து ஏற்றினார்கள். காய்ச்சலுக்கு மருந்துக்கு மேல் மருந்து. அவரைக் கோமதி என்ற மகள் பார்த்துக்கொண்டாள். நான் வெற்றுப் போத்தல்களோடு வாட்டுக்குள் நுழைந்தால் போதும், அக்கா தலையணையில் இருந்தபடியே தொடங்குவார்.

"வந்திட்டுது பார் நுளம்பு. இண்டைக்கு எத்தின குடம் இரத்தம் வேணுமாம்?"

"நான் எடுக்கிறல்ல அக்கா. போத்தல் கொண்டாறது மட்டுந்தான் என்ட வேல."

"எல்லா நுளம்பும் அப்பிடித்தான் சொல்லும்."

வாட்டே சிரிக்கும். எனக்கு முகம் சூடாகும். ஆனாலும் அந்தக் கட்டிலைக் கடக்காமல் போனதில்லை.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டு கம்பளிக்குள் கிடந்து நடுங்கினார். கட்டில் சட்டம் கிடுகிடுத்தது. கோமதி என் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள்.

"கழுத்து டியூப்பால ஏத்தத் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகல்ல காக்கா. நடுங்கத் தொடங்கிட்டா. நேத்தும் இதே கதைதான். ஏத்தாட்டி நடுக்கமில்ல. நீங்க லேப்தானே, ஆரிட்டயாவது சொல்லுங்களன்."

"டொக்டரிட்டச் செல்லுங்க தங்கச்சி" என்றேன். நரம்பு கிடைக்காமல் மிகவும் கஷ்டப்பட்டு, ஒரே ஒரு போத்தலுக்கு இரத்தம் எடுத்துத் தந்தார்கள். நானே சுமந்து வந்து இன்கியூபேட்டரில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை அந்தப் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். சூப் கலங்கவில்லை. ஆனால் அடியில் படிந்திருந்த சிவப்பின் மேல் வெள்ளைப் பொட்டுகள், கடுகளவில், பஞ்சுபோல் ஏழெட்டு இருந்தன. ஜெயந்தனிடம் கொடுத்தேன். அவர் சாயம் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"பக்டீரியா இல்ல காக்கா. ஈஸ்ட். பெரிய உருண்டை, மொட்டு வச்சு மொட்டு வச்சு நிக்குது. ஒரு போத்தல்தானே வந்தது? எங்கயிருந்து வந்திருக்கும்?"

நான் என் நகங்களைப் பார்த்தேன். என் தங்கையின் கணவர் ஏறாவூரில் பேக்கரி வைத்திருக்கிறார். அந்த மாதம் அவருடைய ஆள் ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டதால், விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு ஒரு மணித்தியாலம் நான் மாப் பிசைந்து கொடுத்துவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ரொட்டிக்கும் பணிசுக்கும் பிசைகிற மாவில் ஈஸ்ட்தான் போடுவோம். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் மா இருக்கும். அப்படி வந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் இந்தத் தொகுதிப் போத்தல்களை ஊற்றினேன்.

மனம் யோசிக்கமுன் வாய் சொல்லிவிட்டது.

"சேர், அது என்ட கையால விழுந்திருக்கும். மச்சான்ட பேக்கரியில மாப் பிசைஞ்சிட்டு வந்துதான் அண்டைக்கு ஊத்தினன்."

ஜெயந்தன் என்னைப் பார்த்தார், சிலைட்டைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"அட காக்கா! பணிஸ் போடுற ஈஸ்ட்டா இது? நல்ல காலம் சொன்னீங்க. இல்லாட்டி நான் சத்திரசிகிச்சை வாட்ட எழுப்பியிருப்பன். மேடத்துக்கிட்ட மாட்டியிருப்பன்."

பதிவேட்டில் 'மாசு, மீண்டும் இரத்தம் அனுப்பவும்' என்று எழுதினார். போத்தலை, கிருமியைக் கொன்று கழுவவேண்டிய சாமான் போடும் சிவப்புக் கூடைக்குள் வைத்தார். அவர் கெட்டவர் அல்ல. அன்று ஒருவர் லீவு, மேசையில் அறுபது மாதிரிகள் குவிந்து கிடந்தன. என்னைப்போல ஒருவன் தானாக ஒத்துக்கொண்டால் யார்தான் நம்பமாட்டார்?

சிவப்புக் கூடையைப் பதினொரு மணிக்கு ஓட்டோகிளேவில் ஏற்றுவது என் வேலை. அதுவரை நான் தட்டுகளைக் கழுவினேன். மனம் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிழையைச் செய்த இடத்திலேயே சொல்லிவிட்டேன் அல்லவா? பத்தரை மணிக்குக் கூடையைத் தூக்கினேன். மேலே அந்தப் போத்தல். அதில் பாக்கியவதி, கட்டில் 14 என்று கோணலாக எழுதிய எழுத்து. கட்டில் சட்டம் கிடுகிடுத்த சத்தம் காதில் வந்தது. ஏற்றினால் நடுங்குகிறது, ஏற்றாவிட்டால் நடுக்கமில்லை என்று அந்தப் பிள்ளை சொன்னதும் ஞாபகம் வந்தது. என் கையில் இருந்த மா அக்காவை எப்படி நடுங்கவைக்கும்?

கூடையைக் கீழே வைத்துவிட்டு அலுமாரிக்குப் போனேன். அதே செவ்வாய்க்கிழமை ஊற்றியவற்றில் ஒன்பது போத்தல் மிஞ்சியிருந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஒன்பதும் தெளிவு. பரிசோதனைக்கு வைத்த நாலும் அன்றே தெளிவு. ஈஸ்ட் போட்ட மாவோடு பழகியவன் நான். ஒரு துளி பட்டால் அது சும்மா கிடக்காது. என் கையில் இருந்ததென்றால் இந்த ஒரு போத்தலுக்கு மட்டுமா விழுந்திருக்கும்?

ஜெயந்தனிடம் போய்ச் சொன்னேன். அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலையில நீங்கதானே செஞ்சன் எண்டீங்க. இப்ப செய்யல்ல எண்டுறீங்க. நான் எந்த ஹனீபாக் காக்காவ நம்புற? வேலையப் பாருங்க காக்கா, நாளைக்குத் திருப்பி இரத்தம் வரும்."

நாளைக்கு. மேடம் நிர்வாகக் கட்டடத்தில் கூட்டத்தில் இருந்தார். நான் போத்தலைக் கூடையிலிருந்து எடுத்துத் தட்டில் நிமிர்த்தி வைத்துத் துணியால் மூடிக்கொண்டு அங்கே போனேன். சிவப்புக் கூடைக்குள் போன சாமானை வெளியே எடுப்பது பெரிய குற்றம். கூட்ட அறைக் கதவருகே நின்றேன். உள்ளே பணிப்பாளர், வைத்தியர்கள், குளிரூட்டி. இரண்டு முறை கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு இறக்கினேன். மூன்றாம் முறை தட்டியதா, கை தானாகப் பட்டதா தெரியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் எழுந்து வெளியே வந்தார்.

"என்ன ஹனீபா?"

சொன்னேன். முன்பின்னாகச் சொன்னேன். பேக்கரியும் வந்தது, நடுக்கமும் வந்தது, ஒன்பது போத்தலும் வந்தன. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்கள் ஊத்தினது ஓட்டோகிளேவுக்கு முன்னமோ பின்னமோ?"

"முன்னம் மேடம்."

"அப்ப அதுக்குள்ள என்ன விழுந்திருந்தாலும் செத்திருக்கும். ஓட்டோகிளேவ் போட்டது ஆர்?"

"நான்தான்."

"பட்டி நிறம் மாறினதோ?"

"மாறின மேடம். ஆனா பிறகு மூடி இறுக்கினதும் இந்தக் கைதான்."

அவர் என் கையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நடக்கத் தொடங்கினார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் கண்டதில்லை. ஆய்வுகூடத்துக்கு வந்து சிலைட்டைப் பார்த்தார். பார்த்து முடித்ததும் எழுந்து நின்றபடி தொலைபேசியை எடுத்தார்.

"நுண்ணுயிரியல். ஆர் கதைக்கிறது? பெயர்? ... பாக்கியவதி, கட்டில் பதினாலு. இரத்தத்தில ஈஸ்ட் வளர்ந்திருக்கு. ஓம், ஈஸ்ட். கழுத்து லைனை இண்டைக்கே கழட்ட வேணும், நுனியை எங்களுக்கு அனுப்புங்கோ. வேற இடத்தில குத்தி இன்னும் இரண்டு போத்தல் இரத்தம். எடுத்த உடன மருந்து தொடங்குங்கோ, இப்ப நானே வாறன். சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ."

ஜெயந்தன் வெளுத்துப்போய் நின்றார். நான் கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டுவிட்டேன்.

"மேடம், பேக்கரி ஈஸ்ட்டா எண்டு பாக்காமயே...?"

"இரத்தத்தில ஈஸ்ட் கண்டா அழுக்கெண்டு எழுதிப்போட்டு நாளைக்குப் பாப்பமெண்டு இருக்கேலாது. நான் சொன்னது பிழையெண்டா போய் மன்னிப்புக் கேப்பன். அது உயிரோட இருக்கிற ஆளிட்டக் கேக்கிற மன்னிப்பு." பிறகு, "இப்ப சோதனையும் செய்வம். மருந்தைத் தெரிவு செய்ய. உங்கட நித்திரைக்கும்" என்றார்.

அந்தச் சோதனையை அவர் தன் கையாலேயே செய்தார். போத்தலில் சிறிது எடுத்துச் சுழற்றி, அடியில் படிந்ததில் மிகக் கொஞ்சம் தொட்டு, மனித இரத்தத்தின் மஞ்சள் நீர் வைத்த சின்னக் குழாயில் விட்டார். அதை உடம்புச் சூடுள்ள தண்ணீருக்குள் வைத்தார். மனிதனைப் பிடிக்கிற வகையில் முக்கியமான ஒன்று அந்த நீருக்குள் முளைவிடும். பேக்கரி ஈஸ்ட் முளைவிடாது. இரண்டரை மணித்தியாலம் வைக்க வேண்டும். நீண்ட நேரம் விட்டால் வேறு வகைகளும் முளைத்துக் குழப்பிவிடும். முளை வராவிட்டாலும் அழுக்கென்று தீர்க்க முடியாது, முளைக்காத வகைகளும் மனிதரைப் பிடிக்கும் என்றார். சொல்லிவிட்டு வாட்டுக்குப் போனார்.

அந்த நேரம் முழுவதும் நான் மதிய ளுஹர் தொழப் போனதைத் தவிர வேறெங்கும் போகவில்லை. அவர் திரும்பி வந்து ஒரு சொட்டை சிலைட்டில் விட்டுப் பார்த்தார். பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி, "வந்து பாருங்கோ" என்றார். அத்தனை வருடம் அந்த மைக்ரோஸ்கோப்பைத் துடைத்திருக்கிறேன். உள்ளே பார்த்தது அன்றுதான். முதலில் என் இமைமயிர் தெரிந்தது. பிறகு வட்டத்துக்குள் உருண்டைகள். உருண்டை ஒவ்வொன்றிலிருந்தும் நேராக ஒரு வால்.

"முளைச்ச பயறு மாதிரி இரிக்கி மேடம்."

"அதுதான். மனிசரைப் பிடிக்கிற கண்டிடா. இது உங்கட மச்சான்ர பேக்கரியில இல்லை."

எனக்குக் கண் கலங்கியது. வெட்கமாக இருந்ததால் சிலைட் கழுவப் போய்விட்டேன்.

மேடம் அன்று பின்னேரம் ஒரு தாளில் நடந்ததை எழுதினார். நானும் ஜெயந்தனும் கையெழுத்திட்டோம். இரண்டரை மணித்தியாலம் தாமதம் என்று எழுதியிருந்தது. நான் விசாரிக்காமல் ஒத்துக்கொண்டது, ஜெயந்தன் தன்னிடம் கேட்காமல் முடிவெழுதியது, தான் கூட்டத்துக்குப் போகும்போது கைத்தொலைபேசியை விட்டுப் போனது என்று மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். தன்னுடையதை முதலில் எழுதியிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"பிழையைச் சொல்லுறது நல்ல பழக்கம். ஆனா அது பிழைதானோ எண்டு முதல் பாருங்கோ. உங்கட வேலையில உங்களுக்கே நம்பிக்கையில்லாட்டி, அதை வச்சு நான் எப்படி மருந்து சொல்லுறது?"

ஊற்றும் நாளில் பேக்கரிக்குப் போகக்கூடாது என்றும் சொன்னார். அது நியாயம்.

குழாய் கழற்றிய இரண்டாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. ஆனாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருடைய இரத்தம் வந்தது. முதல் இரண்டு போத்தல்களிலும் மறுபடி வெள்ளைப் பொட்டு. அடுத்ததிலும் ஒன்றிரண்டு. அதற்கடுத்தது தெளிவு. மருந்து நாளை எண்ணுவது அந்தத் தெளிந்த போத்தலிலிருந்துதான் என்று மேடம் சொன்னார். அதிலிருந்து பதினாலு நாள். ஈஸ்ட் கண்ணுக்குள்ளும் போகுமாம். கண் வைத்தியர் வந்து பார்த்தார். கண்ணில் ஒன்றுமில்லை. அத்தனை நாளும் காலை எட்டு மணிக்கு நான் முதலில் எடுப்பது அவருடைய போத்தலைத்தான். என்னோடு ஜெயந்தனும் வந்து தோளருகே நின்று பார்ப்பார். அன்றிலிருந்து அவர் 'மாசு' என்று எழுதமுன் என்னிடம் ஒன்றுக்கு இரண்டு கேள்வி கேட்பார். நாங்கள் இன்றும் நண்பர்கள்.

அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை போனேன். முதல் முறை அவர் பல நாளைக்குப் பிறகு சோறு தின்றுகொண்டிருந்தார். இரண்டாம் முறை, "என்ன காக்கா முகத்த இப்பிடி வச்சிருக்கீங்க, நான் சாகல்ல" என்றார். வெற்றுப் போத்தல்களை வைத்துவிட்டுத் திரும்பினேன். மேடம்தான் தாமதம் நடந்ததைக் கோமதிக்கு விளக்கினார் என்று பின்னர் அறிந்தேன். கோமதி என்னிடம் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

மருந்து முடிந்ததும் கடைசியாக ஒரு போத்தல் இரத்தம் எடுத்தார்கள். காய்ச்சலோ நடுக்கமோ இல்லாமல் அவர் வாட்டில் எழுந்து நடந்தார். அது எடுத்த ஆறாம் நாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் சாமான்களை முச்சக்கரவண்டி வரை தூக்கிக் கொடுத்தேன். அக்கா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தன் காலால் நடந்துபோய் ஏறினார்.

மறுநாள் அந்தக் கடைசிப் போத்தலுக்கு ஏழாம் நாள்; ஏழு நாள் பார்த்துத்தான் ஒரு போத்தலுக்கு முடிவு எழுதுவோம். எட்டு மணிக்கு எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். தெளிவாக இருந்தது. ஜெயந்தன் பதிவேட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதினார். நான் அடுத்த போத்தலை எடுத்தேன்.